ஆபிரகாம் பண்டிதர்

ஆபிரகாம் பண்டிதர் (ஆகஸ்டு 2, 1859 – ஆகஸ்டு 31, 1919) சித்த மருத்துவரும் தமிழிசை ஆய்வாளரும் ஆவார். மருத்துவத்தைத் தொழிலாகவும் இசையியலை ஆய்வுத் துறையாகவும் கொண்டவர். 1917 இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் இவரது முதன்மை நூலாகும்.

மருத்துவமும் இசையும்

தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்த இவர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது இசையும் பயின்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியிடம் மூலிகை மருத்துவம் கற்றார். தஞ்சாவூரில் ஆசிரியராகப் பணியாற்றிய பின், 1890 இல் அப்பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். இவரது மருந்துகள் ஆசானின் பெயரையே தாங்கி விற்பனையாயின.

இசை ஆய்வுக்கு வேண்டிய பொருளை இத்தொழிலே ஈட்டித் தந்தது. 1912 இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, இசைவாணர்களை வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916 இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டிலும் தம் கருத்துகளை முன்வைத்தார்.

சுருதிக் கணக்கு

ஒரு தாயியில் (ச முதல் மேல் ச வரை) எத்தனை சுருதிகள் உள்ளன என்பதே இவர் ஆராய்ந்த கேள்வி. சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் உள்ளிட்ட வடமொழி நூல்கள் 22 என்றன. பண்டிதர் 24 சம சுருதிகள் என்றார். சிலப்பதிகாரம் கூறும் ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 எனப் பகுப்பு இரட்டித்துச் செல்வதாக விளக்கினார்.

தாயியை 1200 செண்டுகளாகக் கொண்டால், 3:2 விகிதத்தில் அமையும் தூய பஞ்சமம் ஏறத்தாழ 702 இல் நிற்கும். 24 சமபங்கில் பதினான்காம் இடம் 700. 22 சமபங்கில் பதின்மூன்றாம் இடம் 709. முன்னதன் பிழை மிகச் சிறியது. ஆனால் 22 சுருதி பேசியோர் பலர் அவை சமமானவை என்று கொள்ளவில்லை என்பதையும் கருதவேண்டும். பண்டிதரின் வலுவான வாதம் வேறு: சுருதிகள் சமமற்றவையாயின், ஆதார சட்சத்தை வேறு சுரத்துக்கு மாற்றிப் பண் பெயர்க்கும்போது பழைய இடங்களில் சுரங்கள் சரியாக விழுவதில்லை. தூய பஞ்சமத்தைப் பன்னிரு முறை அடுக்கினாலும் ஏழு தாயிகளில் முடிவதில்லை. ஏறத்தாழ 23 செண்டு மிஞ்சும்.

பழந்தமிழர் சமபகுப்பையே கையாண்டனர் என்னும் முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. ஈழத்து விபுலாநந்த அடிகள், தம் யாழ்நூலில் (1947), 22 அலகுகளையே கொண்டார்.

பிறநாட்டு ஒப்புமை

பாரசீக இசையிலும் இதே எண்கள் மோதின. அலி நகி வசீரி 1920களில் 24 சம கால்சுரங்களை முன்மொழிந்தார். இயற்பியலாளரான மெஹ்தி பர்கேஷ்லி 22 என்றார். பின்னர் ஹொர்மோஸ் பர்ஹத், இசைஞர் வாசிப்பில் சுர இடைவெளிகள் நெகிழ்வுடையவை எனக் கூறி இரண்டையும் மறுத்தார். கமகம் மிகுந்த தென்னக இசைக்கும் இம்மறுப்பு பொருந்தக்கூடியதே.

கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பகுதி, பண்டிதர் மறைந்த பின் 1946 இல் அவர் மகள் மரகதவல்லி அம்மாள் முயற்சியால் வெளிவந்தது.