மலைப்பாம்பு இரை எடுக்கவில்லையா? பதறாமல் தராசை எடுங்கள்

வீட்டில் வளர்க்கும் பாம்பு இரண்டு மாதமாக இரையைத் தொடவில்லை என்றால் வளர்ப்பவருக்குத் தூக்கம் வராது. நாய் ஒருநாள் சாப்பிடாவிட்டாலே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே! ஆனால், அந்தப் பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தாம் பல நேரங்களில் நன்றாக இருக்கும் பாம்பையும் நோயில் தள்ளுகின்றன.

உலகில் அதிக வீடுகளில் வளரும் மலைப்பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. அமெரிக்காவில் பால் பைத்தான் என்றும் பிரிட்டனில் ராயல் பைத்தான் என்றும் சொல்வார்கள். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிலோ எடை, சாதுவான குணம், நன்றாகப் பேணினால் 20, 30 ஆண்டுகள் வாழும். சாப்பாட்டில் மட்டும் பிடிவாதம் அதிகம். இங்கே சொல்வதெல்லாம் இந்த இனத்தைப் பற்றித்தான்.

பட்டினி அதன் இயல்பு

கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் இது எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழ்கிறது. கிடைக்கும்போது விழுங்கும், கிடைக்காதபோது முடங்கிக் கிடக்கும். முட்டையிட்ட தாய் ஏறத்தாழ இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் எதுவும் உண்பதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்புக்கும் பசி போய்விடும். ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் குளிர்மாதங்களில் வளர்ந்த பாம்பு மூன்று, நான்கு மாதம் இரையை மறுப்பது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன செய்தி.

இதற்கு ஏற்றபடிதான் மலைப்பாம்புகளின் உடலும் அமைந்திருக்கிறது. பர்மிய மலைப்பாம்பை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. வயிறு காலியாக இருக்கும்போது குடல் சுருங்கிவிடுகிறது. இரை உள்ளே போனதும் ஓரிரு நாளில் குடல் பெருக்கிறது. இதயத்தின் கீழறைத் தசைகூட 48 மணி நேரத்தில் 40 சதவீதம் வளர்கிறது. நீண்ட பட்டினிக்குப் பிறகு தரும் முதல் இரை சிறியதாக இருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

குஞ்சுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றின் உடலில் சேமிப்பு குறைவு. முட்டையிலிருந்து வந்து முதல் சட்டை உரித்த குஞ்சு பல வாரம் எதையும் உண்ணவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் தொட்டியைப் பாருங்கள்

பாம்பு தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளாது. வெப்பம் போதவில்லை என்றால் விழுங்கிய இரை செரிக்காது. அதனால் உண்ணவும் செய்யாது. தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். பாம்பு படுக்கும் தரையில் அளக்க வேண்டும். சூடேற்றியைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருபோதும் இயக்காதீர்கள், வயிறு வெந்துபோன பாம்புகள் உண்டு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது.

வெப்பத்தைவிட அதிகம் கவனிக்கப்படாத ஒன்று மறைவிடம். வளையில் வாழ்ந்த உயிரைப் பெரிய வெறும் கண்ணாடித் தொட்டியில் வைத்து, அதைக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கு நிம்மதி ஏது? சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் வேண்டும். சுருண்டு படுத்தால் உடல் சுவரில் உரசும் அளவுக்கு அவை இறுக்கமாக இருக்கட்டும். தொட்டியின் மூன்று பக்கங்களை அட்டையால் மறைத்த பிறகு சாப்பிடத் தொடங்கிய பாம்புகள் நிறைய.

புதிதாக வந்த பாம்பை ஒரு வாரம் தொடாதீர்கள். கண்களில் நீலம் பாய்ந்து தோல் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது. அது முடியும்வரை இரை காட்ட வேண்டாம்.

இரை கொடுக்கும் முறை

ஃப்ரீசரில் உறைந்த எலியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, பிறகு வெந்நீரில் வைத்து உடல்சூட்டுக்கு, அதாவது 38 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. இந்தப் பாம்பின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. எலியின் தலை வெதுவெதுப்பாக இருந்தால்தான் அதை இரையாகக் காணும். விளக்கை அணைத்த பிறகு, நீண்ட இடுக்கியில் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டுங்கள். பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் அகலமே இரைக்கு அளவு.

மறுத்தால் எடுத்துவிடுங்கள். பத்து நாளாவது கழித்துத்தான் அடுத்த முயற்சி. தினமும் மூக்கருகே எலியை நீட்டினால் அதைக் கண்டாலே ஒதுங்கப் பழகிவிடும். இரையின் இனத்தை மாற்றிப் பார்ப்பது பயன் தரலாம்: ஆப்பிரிக்க மென்மயிர் எலியின் மணத்துக்குப் பல பாம்புகள் மசிகின்றன. நைஜீரியக் காடுகளில் சிறிய ஆண் பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையே உண்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே காடைக் குஞ்சு சில இடங்களில் கைகொடுக்கிறது.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். வீட்டுப் பொறியில் சிக்கிய எலியும் கூடாது; விஷம் தின்றிருக்கலாம், ஒட்டுண்ணி இருக்கலாம். பால் ஊற்றுவதும் வேண்டாம், பாம்புக்கு அது உணவே இல்லை.

தராசு சொல்வது

கிராம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு ஒன்றைப் பாம்புக்கென்றே வாங்கிவிடுங்கள். இரை மறுக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் குறியுங்கள். 1,500 கிராம் இருந்த பாம்பு மூன்று மாதம் கழித்து 1,450 இருந்தால் கவலை இல்லை. 1,350-க்கு இறங்கினால் பத்து சதவீதம் போய்விட்டது. மருத்துவர் பார்க்க வேண்டிய கட்டம். முதுகெலும்பு துருத்தி உடல் கூரைபோல் முக்கோணமாகத் தெரிந்தாலும், தோல் சுருங்கிக் கண் குழிந்தாலும் அப்படியே. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். நீரில்லாத பட்டினியை அது தாங்காது.

இவை தெரிந்தால் காத்திருக்கக் கூடாது

வாயைத் திறந்து மூச்சுவிடுவது, சீழ்க்கைபோன்ற சத்தம், மூக்கில் சளிக்குமிழி ஆகியவை சுவாசத் தொற்றின் அறிகுறிகள். ஈறு சிவந்து தயிர்க்கட்டிபோல் சீழ் படிந்தால் வாய் அழற்சி. கண்ணோரமும் தண்ணீர்க் கிண்ணத்திலும் கரும்புள்ளிகள் நகர்ந்தால் உண்ணி. இரையைக் கக்குவது, மல்லாத்தினால் புரளத் தெரியாமல் தவிப்பது இரண்டும் இன்னும் தீவிரமானவை.

வாயைப் பிளந்து இரையைத் திணிப்பதை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். உணவுக்குழாய் கிழியும், பாம்பு அச்சத்தில் இன்னும் முடங்கும். அது மருத்துவர் கையில் இருக்கவேண்டிய கடைசி வழி.

வளர்ப்பவர் நலமும் முக்கியம். பாம்பும் எலியும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. எலியை இளக்கும் பாத்திரத்தைத் தனியாக வையுங்கள், தொட்ட கையை சோப்பால் கழுவுங்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

நம் ஊரில் வைத்திருப்பவர்களுக்கு

நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பந்து மலைப்பாம்பு சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம்; 2022-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட இந்தப் பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பலமுறை கைப்பற்றியிருக்கிறது. அப்படி நீரின்றி, காற்றின்றி வந்து சேரும் பாம்பு இரை எடுக்காமல் போவதில் வியப்பில்லை. பல பிழைப்பதும் இல்லை. ஆசைக்காகக் கடத்தல் பாம்பை வாங்காதீர்கள். முறைப்படி வைத்திருப்பவர்கள், ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் யார் என்பதைப் பாம்பு நன்றாகச் சாப்பிடும்போதே விசாரித்து வையுங்கள்.