பல் வைத்தியரும் எய்ட்ஸ் பற்றிய அச்சமும்



பல்வலி வந்துற்றால் மனிதன் செல்வம், பதவி யாவற்றையும் மறந்து வைத்தியரின் வாசலை நாடுகின்றான். அவ்வாறு நாடி வந்த ஒருவர், தம் உடலில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை ஒளியாது உரைத்தால் வைத்தியர் என்ன செய்தல் வேண்டும்? இவ்வினா ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் வரை சென்றதொன்றாகும்.

1994 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், மேயின் மாநிலத்துப் பாங்கோர் நகரில் ஒரு பெண்மணி பல் வைத்தியரிடம் சென்றார். தமக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டெனப் பதிவுத்தாளில் எழுதினார். நோயின் வெளிப்படையான அறிகுறி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. சூத்தைப் பல்லைக் கண்ட வைத்தியர், அதைத் தமது நிலையத்தில் அடைக்க மறுத்தார். மருத்துவமனையில் வைத்து அடைக்கலாமென்றும், தமக்கு மேலதிகக் கட்டணம் வேண்டியதில்லையாயினும் மருத்துவமனைச் செலவை அவரே ஏற்க வேண்டுமென்றும் கூறினார். பெண்மணி இணங்காது வழக்குத் தொடுத்தார்.

வைத்தியரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. கூரிய கருவிகளோடும் குருதியோடும் குறுகிய வாய்க்குள்ளே செய்யும் தொழில் அவருடையது. ஆயினும் அச்சத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும். உமிழ்நீர் மட்டும் இக்கிருமியைத் தொற்றச் செய்வதில்லை. கிருமியுள்ள குருதி படிந்த ஊசி குத்தினாலும், 1,000 தடவைகளில் ஏறத்தாழ 3 தடவைகளே தொற்று ஏற்படுமெனக் கணித்துள்ளனர். குத்திய பின்னர் தாமதியாது, 72 மணித்தியாலத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொண்டால் அவ்வாபத்தும் பெரிதும் குறையும்.

'பிராக்டன் எதிர் அபொட்' என்னும் அவ்வழக்கில், 1998 ஆம் ஆண்டு யூன் மாதம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வெளியாயிற்று. அறிகுறி தோன்றாத எச்.ஐ.வி. தொற்றுடைய அப்பெண்மணிக்கும், இயலாமையுடையோரைக் காக்கும் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டென நீதிமன்றம் கூறியது. ஆபத்து உண்டென வைத்தியர் மனமார நம்புவது போதாது. மருத்துவச் சான்று வேண்டும் என்றும் விளக்கியது. ஆபத்துப் பற்றிய வினா மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பிச் சென்றபோது, அங்கும் பெண்மணியின் பக்கமே தீர்ப்பாயிற்று.

இவ்வழக்கு எழுவதற்கு முன்னரே, 1987 இல், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் நல்வழியொன்றைக் காட்டியிருந்தது. எவருடைய குருதியையும் தொற்றுள்ளதெனக் கருதிக் கையுறை, முகக்கவசம், கிருமி நீக்கிய கருவி ஆகியவற்றை எல்லோருக்கும் ஒரே வகையில் பயன்படுத்துதல் வேண்டும் என்பதே அது. ஏனெனில், தம்மிடம் கிருமி இருப்பதைத் தாமே அறியாதாரும் அதே நாற்காலியில் அமர்கின்றனர் அல்லவா?

உண்மை கூறியவரைத் திருப்பியனுப்பினால் வைத்தியர் பாதுகாப்புப் பெறப்போவதில்லை. அடுத்து வருபவர் உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்வார். அல்லது வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். எல்லோரிடத்தும் ஒரே கவனம் காட்டும் வைத்தியரோ தம்மையும் காக்கின்றார். தம்மை நம்பி வந்தவரையும் காக்கின்றார்.