யாரோ வாங்கிய கடனுக்கு உங்களுக்கு போன் வருகிறதா?

"சார், உங்க ஃப்ரெண்ட் லோன் கட்டலை. அவரைக் கட்டச் சொல்லுங்க, இல்லேன்னா நீங்க கட்டுங்க!" முன்பின் தெரியாத ஒருவர் இப்படி தினமும் பத்து முறை மிரட்டினால் யாருக்கும் பயம் வரும். தொல்லை தாங்காமல் பணம் அனுப்பி விடுபவர்களும் உண்டு. அது தேவையே இல்லை.

உங்கள் நம்பர் எப்படிப் போனது?

கம்ப்யூட்டரில் புரோகிராம் இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலே 'நெக்ஸ்ட்' தட்டிக்கொண்டே போவோம் அல்லவா? கடன் ஆப் இறக்குபவர்களும் அப்படித்தான் 'அலோ' பட்டனைத் தட்டுகிறார்கள். உடனே போனில் உள்ள எல்லா நம்பர்களும் ஆப் நடத்துபவரின் சர்வருக்குக் காப்பி ஆகிவிடும். அதில் உங்கள் நம்பரும் ஒன்று.

கடன் ஆப்கள் காண்டாக்ட் லிஸ்ட்டைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ல் விதி கொண்டு வந்தது. கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் இதைத் தடை செய்தது. ஆனால் லிங்க் அனுப்பி ஏபிகே ஃபைலாக இறக்கச் சொல்லும் ஆப்கள் இந்த வடிகட்டலில் சிக்குவதில்லை.

நீங்கள் கட்ட வேண்டுமா?

வேண்டாம். நண்பர் உங்கள் நம்பரை 'ரெஃபரன்ஸ்' என்று கொடுத்திருந்தாலும் வேண்டாம். ஜாமீன்தாரராகவோ கூட்டுக் கடன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரையே அழைக்கக் கூடாது, அவரது குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

என்ன செய்யலாம்?

1. "கடன் என்னுடையது அல்ல, நான் ஜாமீனும் இல்லை, இனி அழைக்காதீர்கள்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எந்த நிறுவனம் என்று கேளுங்கள். நண்பரின் விலாசத்தைச் சொல்லாதீர்கள்.

2. "உங்கள் நம்பரை நீக்குகிறோம்" என்று ஓடிபி, ஆதார், பான் கேட்டால் கொடுக்காதீர்கள். அனுப்பும் லிங்க்கை கிளிக் செய்யாதீர்கள்.

3. மெசேஜ், கால் லிஸ்ட் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். அழைப்பு வந்தவுடன் நோட்பேடில் நம்பரை டைப் செய்து எஃப்5 கீயைத் தட்டுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். பிறகு அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள்.

4. வங்கி அல்லது நிதி நிறுவனம் என்றால் அதன் குறைதீர்க்கும் அதிகாரிக்கு இமெயில் அனுப்புங்கள். 30 நாட்களில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் போர்ட்டலில் ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். மிரட்டல், மார்ஃபிங் போட்டோ என்றால் தேசிய சைபர் கிரைம் போர்ட்டலுக்குப் போங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

5. கடன் உங்கள் பெயரிலேயே இருப்பதாகச் சொன்னால், சிபில் போன்ற நிறுவனங்களின் வெப்சைட்டில் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

கடைசியாக ஒன்று. நண்பர் மீது உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அவரது வெட்கத்தை வைத்துத்தான் இந்தக் கும்பல்கள் பணம் பறிக்கின்றன. மிரட்டல் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. எனவே அவருக்கு ஒரு போன் செய்து, "எனக்கும் கால் வந்தது, சேர்ந்தே புகார் கொடுப்போம்" என்று சொல்லுங்கள்.