10 பங்கு 50 ஆனால் லாபமா? பீட்சா கம்பெனிகளின் ஸ்டாக் ஸ்ப்ளிட் கணக்கு

செம்பூரில் ஹார்பர் லைன் ட்ரெயினைப் பிடித்து, நிற்க ஒரு இடம் கிடைத்ததும் டீமேட் ஆப்பைத் திறக்கிறீர்கள். நேற்று வரை பச்சையில் இருந்த ஒரு பங்கு இன்று 80 சதவீத நஷ்டம் என்று சிவப்பில் நிற்கிறது. பதறி விற்றுவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஸ்டாக் ஸ்ப்ளிட், அதாவது பங்குப் பிரிப்பாகத்தான் இருக்கும்.

2022 ஏப்ரலில் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் பங்குதாரர்கள் இதைப் பார்த்தார்கள். இந்தியாவில் டாமினோஸ் பீட்சா கடைகளை நடத்தும் கம்பெனி இது. 10 ரூபாய் முகமதிப்பு உள்ள ஒரு பங்கை, தலா 2 ரூபாய் முகமதிப்பு உள்ள ஐந்து பங்குகளாகப் பிரித்தார்கள். ரெக்கார்டு டேட் ஏப்ரல் 20. அதற்கு முந்தைய நாளே சந்தை விலை ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. புதிய பங்குகள் கணக்குக்கு வர ஓரிரு நாள் ஆகும். அந்த இடைவெளியில் ஆப் காட்டும் நஷ்டம் வெறும் தோற்றம்தான்.

ஸ்ப்ளிட் என்றாலே பீட்சாவை வெட்டும் உவமையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நாம் தாராவிக்குப் போவோம். அங்கே விடியற்காலையில் இட்லி அவிக்கும் ஒரு வீட்டில், ஒரு பெரிய இட்லிக்குப் பதில் அதே மாவில் ஐந்து மினி இட்லி ஊற்றினால் தட்டில் எண்ணிக்கை கூடும், மாவு கூடாது. கம்பெனியில் உங்கள் பங்கு 0.001 சதவீதம் என்றால் ஸ்ப்ளிட்டுக்குப் பிறகும் அதே 0.001 சதவீதம்தான். புதிய பங்குகளை வெளியாருக்கு விற்றுப் பணம் திரட்டும்போதுதான் உங்கள் சதவீதம் குறையும். அது வேறு கதை.

டிவிடெண்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2020-21 நிதியாண்டுக்கு ஜூபிலன்ட் பங்குக்கு 6 ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு 1 ரூபாய் 20 பைசா. "டிவிடெண்டை இப்படி வெட்டிட்டாங்களே" என்று தோன்றும். ஆனால் 10 பங்குக்கு 60 ரூபாய் வாங்கியவர், 50 பங்குக்கும் அதே 60 ரூபாய்தான் வாங்கினார். இரண்டுமே முகமதிப்பில் 60 சதவீதம். பழைய ஆண்டறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்து, ஒரு பங்குக்கான லாபத்தை ஒப்பிடும்போதும் இதே குழப்பம் வரும். பழைய எண்ணை ஐந்தால் வகுத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

சஃபயர் ஃபுட்ஸ் விஷயத்திலும் இதே கதைதான். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் கம்பெனி தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் கேஎஃப்சி, பீட்சா ஹட் கடைகளை நடத்துகிறது. இலங்கையிலும் பீட்சா ஹட் நடத்துகிறது. 2021 நவம்பரில் ஐபிஓ விலை 1,180 ரூபாய். 2024 செப்டம்பரில் ஒன்றை ஐந்தாகப் பிரித்தார்கள். ஆகவே இன்றைய விலையை 1,180-உடன் ஒப்பிட்டு "சரிஞ்சு போச்சு" என்று சொல்வது தப்பு. ஒப்பிட வேண்டிய எண் 236. அதற்குக் கீழே இருந்தால் நிஜமாகவே நஷ்டம், மேலே இருந்தால் லாபம்.

அப்புறம் எதுக்குத்தான் பிரிக்கிறாங்க? ஒரு பங்கின் விலை குறைந்தால் சின்ன முதலீட்டாளர்களும் வாங்குவார்கள், வாங்கல் விற்றல் சுலபமாகும் என்பது கணக்கு. நம் சந்தைகளில் அரைப் பங்கு, கால் பங்கு வாங்க முடியாது. அதனால் மாதம் 2,000 ரூபாய் ஒதுக்குபவருக்கு 2,500 ரூபாய்ப் பங்கு எட்டாது, 500 ரூபாய்ப் பங்கு எட்டும். இது நியாயமான வசதிதான். ஆனால் விலை உயர்ந்தே இருப்பதால் கம்பெனி கெட்டுப்போவதில்லை. சென்னையின் எம்ஆர்எஃப் பங்கு ஒன்று 2023-ல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது.

"ரெக்கார்டு டேட்டுக்கு முன்னாடி வாங்கிப் போடு" என்று வாட்ஸ்அப்பில் வரும் அறிவுரையில் அர்த்தமே இல்லை. முந்தைய நாள் 2,500-க்கு ஒன்று வாங்கினாலும், அடுத்த நாள் 500-க்கு ஐந்து வாங்கினாலும் ஒரே செலவுதான்.

நீண்டகாலப் பங்குதாரர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வரிக் கணக்கை. ஜூபிலன்ட் 2010-ல் 145 ரூபாய்க்கு ஐபிஓ வந்தது. அன்று கிடைத்த 10 பங்கு, 2018 ஜூனில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்ததும் 20 ஆனது. 2022 ஸ்ப்ளிட்டில் 100 ஆனது. பார்வைக்கு நூறும் ஒன்றுபோல இருக்கும். வருமான வரித் துறைக்கு அவை இரண்டு ரகம்.

ஸ்ப்ளிட்டில் வாங்கிய விலை அப்படியே பகிரப்படும், வாங்கிய தேதி மாறாது. போனஸ் பங்குக்கு வாங்கிய விலை பூஜ்ஜியம், தேதியும் போனஸ் வந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஆகவே அந்த நூறில் 50 பங்குகளுக்கு, 2018 ஜனவரி 31-ம் தேதி சந்தை விலையைக் கணக்கில் எடுக்கும் சலுகை உண்டு. மீதி 50 அந்தத் தேதிக்குப் பிறகு வந்த போனஸின் வழி வந்தவை, அவற்றுக்குச் சலுகை கிடையாது. விற்ற தொகை ஏறக்குறைய முழுவதுமே லாபம். 2024 ஜூலை 23 முதல், நீண்டகால மூலதன ஆதாயம் ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 12.5 சதவீதம் வரி. அப்பா வாங்கி வைத்த பங்குகள் உங்கள் கைக்கு வந்திருந்தால், அவருடைய பழைய கான்ட்ராக்ட் நோட்டைத் தேடி எடுத்து வையுங்கள். ஆப் காட்டும் சராசரி விலையை மட்டும் நம்பாதீர்கள்.

ஸ்ப்ளிட் வந்தால் விலை ஏறும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவின் சிபோட்லே நல்ல மருந்து. 2024 ஜூனில் ஒரு பங்கை ஐம்பதாகப் பிரித்தார்கள். 3,000 டாலருக்கு மேல் இருந்த பங்கு 65 டாலர் அளவுக்கு வந்தது. அது வெறும் வகுத்தல். ஆகஸ்டில் தலைவர் பிரையன் நிக்கல் ஸ்டார்பக்ஸுக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. 2025-ல் பழைய கடைகளில் விற்பனை மந்தமாக, ஆண்டு இறுதிக்குள் விலை ஏறக்குறைய பாதியானது. ஜூபிலன்டிலும் அப்படித்தான்: 2022 மார்ச்சில், ஸ்ப்ளிட்டுக்கு ஒரு மாதம் முன்பு பங்கை உலுக்கியது தலைமைச் செயல் அதிகாரி பிரதீக் போட்டாவின் ராஜினாமா.

ஆக, ஸ்ப்ளிட் அறிவிப்பு வந்த நாளில் அதே கம்பெனியின் காலாண்டு முடிவைத் திறந்து ஒரு வரியைத் தேடுங்கள்: புதுக் கடைகளைக் கழித்துவிட்டு, பழைய கடைகளில் மட்டும் விற்பனை கூடியதா, குறைந்ததா?