ஓட்டுச் சந்தை எதனால் அடைப்பது?

சிதம்பரம் நடராஜர் கோவிலின் பொற்கூரையில் 21,600 பொன் ஓடுகள். அவற்றைப் பிடித்து நிறுத்த 72,000 ஆணிகள்! இது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஓடு பொன்னானாலும் பிடிப்பு வேண்டும்.

நம் வீட்டு ஓட்டுக்கும் அப்படித்தான். ஓடு உறுதியாகவே இருக்கும். இரண்டு ஓடுகளுக்கு நடுவே உள்ள சந்துதான் காலை வாரும்.

கம்பிக்கு எமன்

கடலூர், சிதம்பரம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழைக் காலம். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூரை உலுக்கியதை மறக்க முடியுமா? போதாக்குறைக்குக் கடலோரத்தில் உப்புக் காற்று வேறு.

சந்து வழியே இறங்கும் தண்ணீர், கூரைக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் காரை பெயர்ந்து விழும். கீழே குழந்தை படுத்திருந்தால் என்ன ஆகும்?

மொட்டை மாடி

தட்டோடு வெயிலில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். வெறும் சிமெண்டுப் பாலை ஊற்றினால் மயிரிழை போல வெடித்துவிடும். லேட்டக்ஸ் திரவம் கலந்த சிமெண்டுக் கலவையே நல்லது. முதலில் பழைய பூச்சைச் சுரண்டி, தூசியைத் துடைக்க வேண்டும். காவிப்பொடி சேர்த்தால் ஓட்டின் நிறத்தோடு ஒத்துப்போகும்.

சுண்ணாம்பால் கட்டிய பழைய வீடா? சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்தே பூசுங்கள். சிமெண்டு அதனோடு ஒட்டாது. ஈரத்தையும் உள்ளே அடைத்து வைக்கும்.

குளியலறை, சமையலறை

சுவர் ஓடுகளின் நடுவே வெள்ளைச் சிமெண்டு பூசுவது வழக்கம். விலை மலிவுதான். ஆனால் நாளடைவில் வெடிக்கும், கறுக்கும். கடையில் விற்கும் 'கிரவுட்' பொடி அதைவிட மேல். சமையலறைக்கு 'எப்பாக்சி' வகை ஏற்றது. விலை கூடுதல், ஆனால் எண்ணெய்க் கறை ஊறாது. பூசிய உடனே ஓட்டைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் போகாது!

சுவரும் தரையும் கூடும் மூலை சற்று அசையும் இடம். பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பும் அப்படியே. அங்கே சிமெண்டு நிற்காது. ரப்பர் போல வளையும் 'சிலிக்கான்' பசைதான் சரி. பூஞ்சை பிடிக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈரமில்லாத இடத்தில் பூசி, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படாமல் காக்க வேண்டும்.

அசையாத சந்துக்குக் கலவை. அசையும் சந்துக்குப் பசை. கொத்தனார் வந்ததும் இதைச் சொல்லுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே சொல்லுங்கள்!