கெர்னல் மாறியது, கணினி நின்றது: பழுதைப் பிடிப்பது எப்படி?

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் சிவகாசி அச்சகங்களில் ஆர்டர்கள் குவியத் தொடங்கும். பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் வேலையும் தீபாவளி வரை நெருக்கும். அந்த நேரம் பார்த்து டிசைன் அறைக் கணினி ஒரு நாள் காலையில் திறக்க மறுக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது, கம்பெனி சின்னம் தெரிகிறது, அப்புறம் வெறும் கறுப்புத் திரை. முந்தைய நாள் மாலை நடந்த ஒரே மாற்றம், கணினி கேட்டபடி அப்டேட் கொடுத்ததுதான். பார்க்க வருபவர் சட்டென்று சொல்லிவிடுவார்: “ஃபார்மட் அடிச்சிரலாம்ணே.”

பொறுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு கணினி திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிசைன் ஃபைல்களும் பத்திரமாக இருக்கும். துவக்கத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் ஓட்டம் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

கணினியின் துவக்கம் சரவெடி மாதிரி. ஒன்று பற்றினால்தான் அடுத்தது வெடிக்கும், நடுவில் ஒன்று நமத்திருந்தால் அத்தோடு நின்றுவிடும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டிலுள்ள ஃபர்ம்வேர் விழித்து நினைவகத்தையும் டிஸ்க்கையும் சோதிக்கிறது. அது பூட் லோடரை அழைக்கிறது. பூட் லோடர் கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் டிஸ்க்கைத் திறந்து முதல் நிரலை ஓட்டுகிறது. அதன் பிறகே நாம் பார்க்கும் திரை வரும்.

கெர்னல்தான் இயங்குதளத்தின் உயிர்நாடி. சாதாரண மென்பொருளில் தவறு நேர்ந்தால் அந்த மென்பொருள் மட்டும் மூடும். கெர்னலுக்குள் நேர்ந்தால் மொத்தக் கணினியும் விழக்கூடும். 2024 ஜூலை 19 அன்று உலகமே இதைப் பார்த்தது. விண்டோஸ் கெர்னலுக்குள் இருந்து வேலை செய்யும் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பு அனுப்பப்பட்டது. நிரல் கொடுத்தது 20 உள்ளீடுகள். புதிய கோப்போ 21-ஆவதைப் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய், சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு கோப்பை அழித்ததும் கணினிகள் எழுந்தன.

லினக்ஸ் இயங்குதளத்தில் பழுதைத் தேடுவதை இன்னும் ஆழமாகச் செய்யலாம். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் புதிய கெர்னலைப் போடும்போது பழையதையும் வைத்திருக்கும். பூட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். கணினி திறந்துகொண்டால் சந்தேகம் புதிய கெர்னல் மீதும் அதோடு வந்தவை மீதும் விழுகிறது. வேலையும் தடைபடாது.

அடுத்து, புதிய கெர்னல் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பூட் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, கெர்னல் வரியிலுள்ள ‘குவைட் ஸ்பிளாஷ்’ என்ற இரு சொற்களை நீக்கித் துவக்குங்கள். மறைந்திருந்த செய்திகள் வரிவரியாக ஓடும். கடைசியில் நிற்கும் வரிகளைக் கைபேசியில் படம் எடுங்கள். ‘ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை’ என்ற செய்தி வந்தால், டிஸ்க்கைத் திறக்கத் தேவையான தொடக்கக் கோப்பு சரியாக உருவாகவில்லை என்று சந்தேகிக்கலாம். பூட் பகுதியில் இடம் நிரம்பிவிட்டால் இப்படி ஆவதுண்டு. பழைய கெர்னலில் நுழைந்து, வேண்டாதவற்றை நீக்கி, அக்கோப்பை மறுபடி உருவாக்கினால் சரியாகிவிடும்.

பழுது கெர்னல் நிரலிலேயே இருந்தால்? ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றில் பழுதான ஒன்றைத் தேட ‘கிட் பைசெக்ட்’ என்ற கருவி இருக்கிறது. நன்றாக ஓடிய பதிப்பு எது, ஓடாதது எது என்று சொன்னால், அது இரண்டுக்கும் நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். அதைக் கொண்டு கெர்னலை உருவாக்கித் துவக்கிப் பார்க்க வேண்டும். ஓடினால் பழுது பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். ஒவ்வொரு சோதனையிலும் பாதி கழிவதால், 16,000 மாற்றங்களென்றாலும் 14 சோதனைகளில் குற்றவாளி சிக்கிவிடும்.

2019 செப்டம்பரில், லினக்ஸ் 5.3 வெளிவரும் தறுவாயில் இப்படி ஒரு தேடல் நடந்தது. தன் மடிக்கணினியில் துவக்கம் பாதியில் நிற்பதைக் கண்ட அகமது தார்விஷ் என்ற நிரலாளர், தேடலின் முடிவில் டிஸ்க் வாசிப்பை மேம்படுத்திய ஒரு நல்ல மாற்றத்தில் போய் நின்றார். கடவுச்சாவி போன்றவற்றுக்கான ரேண்டம் எண்களுக்கு கெர்னல், டிஸ்க் செயல்பாடு, விசைத்தட்டல் ஆகியவற்றின் சீரற்ற நேரங்களைச் சேர்த்து வைக்கும். புதிய மாற்றத்தால் டிஸ்க் வேலை குறைந்தது, சேர்மானமும் குறைந்தது. ரேண்டம் எண் கேட்ட நிரல் வராத ஒன்றுக்காகக் காத்துக் கிடந்தது. மாற்றத்தில் தவறே இல்லை என்று ஒப்புக்கொண்டும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் திரும்பப் பெற்றார். ஓடிக்கொண்டிருந்த கணினியை நிறுத்தும் மாற்றம் எதுவும் கெர்னலில் இருக்கக் கூடாது என்பது அவர் விதி. அடுத்த பதிப்பான 5.4-இல், சீரற்ற தன்மையைக் கெர்னல் தானே உருவாக்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது, மூலக்காரணம் தீர்ந்தது.

இந்த வேலை நமக்குத் தூரத்தில் இல்லை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. சிவகாசி மெப்கோவிலும், விருதுநகர் காமராஜ் கல்லூரியிலும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலும் கணினி படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அப்டேட்டுக்குப் பின் கணினி நின்றால், பழைய கெர்னலில் திறந்து, செய்தியைப் படித்து, பழுதான மாற்றத்தைத் தேடிப் பிடித்து கெர்னல் குழுவுக்கு எழுதுங்கள். டோர்வால்ட்ஸின் விதி எத்தனை கறாரானதாக இருந்தாலும், பழுதை யாராவது சொன்னால்தான் அது செயலுக்கு வரும்.