டிஜிட்டல் கேமரா: எந்த முறையில் இணைப்பது?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பா அண்மையில் லேப்டாப் வாங்கினார். நிழல் மரங்களில் பூக்கும் ஆர்க்கிட் மலர்களை, கேமராவைத் தொடாமல் லேப்டாப்பிலிருந்தே கிளிக் செய்து படமெடுக்க அவருக்கு ஆசை. "யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் டிரைவ் மட்டும்தான்பா தெரியுது, கேமரா கெட்டுப்போச்சா?" என்று போனில் கேட்டார். கேமராவில் பழுது இல்லை. இணைப்பு முறையை மாற்றினாலே போதும்.

அவருடையது 2006இல் வந்த நிகான் டி80. அதன் செட்டப் மெனுவில் யு.எஸ்.பி. என்ற பிரிவில் இரண்டு முறைகள் உள்ளன.

மாஸ் ஸ்டோரேஜ்: இதில் கேமரா ஒரு பென் டிரைவ் போல நடந்துகொள்ளும். மெமரி கார்டு முழுவதும் கம்ப்யூட்டரின் கைக்குப் போய்விடும். படங்களை காப்பி செய்யலாம், அழிக்கலாம். ஆனால் "படம் எடு" என்று கேமராவுக்குக் கட்டளை தர வழியில்லை.

பி.டி.பி.: பிக்சர் டிரான்ஸ்பர் புரோட்டோகால் என்பதன் சுருக்கம். ஐ.எஸ்.ஓ. 15740 என்ற உலகத் தரம் இது. விண்டோஸ் எக்ஸ்பி (2001) முதல் விண்டோஸிலேயே இதற்கான வசதி உண்டு. இதில் கார்டு கேமராவின் பொறுப்பிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் கேட்கும், கேமரா தரும். இந்தப் பேச்சுவார்த்தையில் படமெடுக்கும் கட்டளையும் அடங்கும். எனவே கம்ப்யூட்டரிலிருந்து இயக்க இதையே தேர்ந்தெடுங்கள்.

சோனி ஆல்பா கேமராக்கள் பலவற்றில் இதற்கு "பி.சி. ரிமோட்" என்று பெயர். கேனான் இ.ஓ.எஸ். போன்ற பல கேமராக்களில் மாஸ் ஸ்டோரேஜ் தேர்வே இருக்காது, கவலை வேண்டாம்.

அடுத்து சாப்ட்வேர். கேனானுக்கு இ.ஓ.எஸ். யுட்டிலிட்டி, சோனிக்கு இமேஜிங் எட்ஜ், விண்டோஸில் நிகான், கேனான் இரண்டுக்கும் டிஜிகேம்கன்ட்ரோல், லினக்ஸில் ஜிபோட்டோ2 ஆகியவை இலவசம். உங்கள் மாடல் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தபின் நிறுவுங்கள். லினக்ஸில் கேமரா தானாகவே மவுண்ட் ஆகியிருந்தால், முதலில் அன்மவுண்ட் செய்திடுங்கள். இல்லையென்றால் ஜிபோட்டோ2வுக்குக் கேமரா கிடைக்காது.

கவனிக்க வேண்டியவை:

1. மாஸ் ஸ்டோரேஜ் முறையில் கேபிளைச் சட்டென்று உருவாதீர்கள். கார்டில் உள்ள படங்கள் சிதைந்து போகலாம். டாஸ்க்பாரில் உள்ள பாதுகாப்பாக நீக்கும் ஐகானைக் கிளிக் செய்த பிறகே எடுக்க வேண்டும்.

2. கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கும் படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். சில சாப்ட்வேர்கள் கம்ப்யூட்டரில் மட்டும் சேமிக்கும். கார்டு, கம்ப்யூட்டர் இரண்டிலும் சேமிக்கும் வசதி இருந்தால் அதையே வையுங்கள். இந்த ஆண்டு உதிர்ந்த ஆர்க்கிட் பூவை மறுபடி படமெடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

3. யு.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும்.

4. பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகியிருக்கட்டும். முறையை மாற்றிய பிறகே கேபிளைச் செருகுங்கள்.